வளைவுக்குப் பூசிய கிரீஸ்

ரயில் சக்கரம் தேயும் என்று சொன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். அரசாங்கச் சாமான் காணாமல் போகும், தேயாது என்பார்கள். அவர்களோடு வாதாடி என் தொண்டை தேய்ந்ததுதான் மிச்சம்.

ஆனால் தேயும். ஹட்டனில் ஏறி நானுஓயா வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாதையில் நேராக ஓடுகிற இடம் குறைவு. ஒவ்வொரு வளைவிலும் என்ஜின் சக்கரத்தின் உட்பக்க விளிம்பு, வெளிப்புறத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் போய் உரசும். சக்கரம் பாதையை விட்டு இறங்கிவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த விளிம்புதான். அது உரசி உரசிக் கத்தியாக மெலிந்துவிட்டால் சக்கரத்தைக் கழற்றிக் கடைசல் போட வேண்டும். அதில் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. விளிம்பில் ஒரு நெல்மணி தடிப்பை மீட்பதற்காக, சக்கரத்தின் முகம் முழுக்க அதைப்போல் பல மடங்கு நல்ல இரும்பைச் சீவிக் கொட்ட வேண்டும். இப்படிச் சில தடவை கடைந்தால் சக்கரத்தின் ஆயுள் முடிந்துவிடும்.

எங்கள் என்ஜின் ஷெட்டின் போர்மன் மாத்தயா, அதாவது போர்மன் ஐயா, கண்டிப் பக்கத்துச் சிங்களவர். ஓய்வு பெறப் போகிற வயதிலும் வாய்க்கொழுப்பு குறையாத மனிதர். இந்த அநியாயத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வயிறெரிந்தது. வளைவுகளில் தண்டவாளத்தின் உட்பக்கவாட்டில் மட்டும் மழைக்குக் கரையாத கறுப்புக் கிரீஸைப் பூசினால் சக்கரம் நீண்ட காலம் உழைக்கும் என்று மேலிடத்தை நச்சரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், தொல்லை தாங்காமல், ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே ஒரு என்ஜினை வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். சக்கரத்தை அளந்துகொண்டே இருக்கத் தற்காலிகமாக ஓர் ஆளும் கொடுத்தார்கள். அந்த ஆள் நான்.

தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழை வைத்துக்கொண்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள் நான். சோதனை வென்றால் வேலை நிரந்தரம், தோற்றால் வீட்டுக்குப் போகலாம் என்று முதல் நாளே போர்மன் சொல்லிவிட்டார். வீடு என்றால் கொட்டகலைக்குக் கொஞ்சம் முன்னால் பாதைக்கு மேலே இருக்கிற எங்கள் லயம். அங்கே கங்காணி எப்போது நான் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வருவேன் என்று காத்துக்கொண்டிருந்தார். அம்மா பதினாறு வயதில் கூடை மாட்டியவர். என் தலையில் அந்தக் கூடைக்கயிறு விழக் கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம். அப்பா போன பிறகும் அந்தப் பிடிவாதம்தான் என்னைப் படிக்க வைத்தது.

ஆகவே நான் தினமும் என்ஜினுக்கு அடியிலே குழிக்குள் இறங்கி, அளவுகோலைச் சக்கரத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். ஷெட்டில் இருந்த ஆண்களுக்கு முதலில் அது பெரிய வேடிக்கையாக இருந்தது. பொம்பளைப் பிள்ளை சக்கரத்துக்கு ஜாக்கெட் தைக்க அளவெடுக்கிறது என்றார்கள். அப்படிச் சொன்னவரின் வயிற்றில் அளவுகோலை வைத்து, இதுவும் எல்லை தாண்டிவிட்டது, கடைசலுக்கு அனுப்ப வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு வேடிக்கை கொஞ்சம் அடங்கியது.

சோதனை வளைவுகளில் மிக மோசமானது எங்கள் லயத்துக்குக் கீழேயே இருந்தது. ஏற்றமும் வளைவும் சேர்ந்த இடம். ரயில் அதில் திரும்பும்போது போடுகிற கிறீச்சொலியில் பல் கூசும். எங்கள் லயத்துக் குழந்தைகள் அந்தச் சத்தத்தில் தூங்கப் பழகியவர்கள். முதல் தடவை கிரீஸ் பூசிய மறுநாள் காலையில் ரயில் சத்தமே இல்லாமல் திரும்பிப் போனது. லயத்தில் பாதிப் பேர் ரயில் வரவில்லை என்றே நினைத்துவிட்டார்கள். நான் வாசலில் நின்று, ரயிலைப் பெற்றவளே நான்தான் என்பதுபோல் தலையை நிமிர்த்திக்கொண்டேன். அம்மா அன்றைக்கு ரொட்டிக்குச் சம்பல் கூடுதலாக அரைத்திருந்தார்.

சில நாட்களில் கிறீச்சொலி திரும்பி வந்தது.

பாதை வேலையாட்கள் மறுபடி பூசினார்கள். மறுபடி இரண்டொரு நாள் அமைதி, பிறகு கிறீச். மற்ற வளைவுகளில் கிரீஸ் அப்படியே இருந்தது, இந்த ஒரு வளைவில் மட்டும் யாரோ வழித்துத் துடைத்ததுபோல் மாயமாகிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம் பாதை வேலையாட்கள் மேல்தான். ஏற்றத்தில் ஏறச் சோம்பல்பட்டு, பூசாமலே பூசியதாகச் சொல்கிறார்கள் என்று அவர்கள் தலைவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் என் சிங்களத்தைக் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல், நாங்கள் பூசினோம் நங்கி, உங்கள் தோட்டத்து அட்டைகள் தின்றிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் காது வரை சூடேறியது.

இதற்கிடையே வீட்டில் இன்னொரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. படுக்கை விரிப்பில் கறுப்புக் கறை. பாயில் கறை. கதவு நிலையில், முழங்கால் உயரத்தில் கறை. ரயிலையே வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறாய் என்று அம்மா தினமும் ஏசினார். நான் ஷெட்டிலேயே சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வருகிறேன் என்று சத்தியம் செய்தேன். கேட்பாரில்லை. ஓரமாகத் தனிப்பாய் போட்டு, அதில்தான் படுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரிகள் எல்லோரும் வந்து அந்தக் கறையைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மழைக்காலத்தில் தேயிலை மலை அட்டைகளின் ராஜ்யம். கொழுந்து எடுக்கிற பெண்கள் முழங்கால் வரை ஈரச் செடிக்குள் நிற்க வேண்டும். உப்பைத் தேய்ப்பார்கள், சவர்க்காரத்தைப் பூசுவார்கள், ஒரு பாட்டம் மழையில் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். சாயங்காலம் மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் கால் கழுவுகிற தண்ணீர் சிவப்பாக ஓடுவதை நான் பிறந்த நாள் முதல் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் அது சிவப்பாக ஓடவில்லை. சக்கரத்தில் மயிரிழைத் தேய்மானத்தைக் கண்டுபிடிக்கிற என் கண்ணுக்கு, அது படவே இல்லை.

பெரிய என்ஜினியர் கொழும்பிலிருந்து வந்து சோதனையைப் பார்வையிடப் போகிறார் என்ற செய்தியோடு ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கால் இரண்டும் மினுமினுவென்று கறுத்திருந்தன. நான் குனிந்து மோந்து பார்த்தேன். என் கையில் தினமும் வருகிற அதே வாடை. விறகுக்குப் பின்னால் தேடினேன், பழைய மாவு டின் ஒன்றில் போர்மன் மாத்தயாவின் மழைக்குக் கரையாத கறுப்புக் கிரீஸ் பாதி டின் இருந்தது.

எல்லாமே அந்தப் பாதையைக் கடந்து வேலைக்குப் போகிற பெண்களின் வேலை. ஒருத்தி விரலில் பட்டதைக் காலில் தடவியிருக்கிறாள், அன்றைக்கு அவளிடம் அட்டை அண்டவில்லை, அடுத்த நாளிலிருந்து கூட்டமே வரிசையில் குனிந்து வழித்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி என் தாய். தாயின் கால் கறைக்காக நான் தனிப்பாயில் படுத்திருக்கிறேன்.

"கறைய நீ வச்சிட்டு என்னையில்ல ஏசுன" என்றேன்.

"ஒம்மேல போட்டா யாரும் கேக்க மாட்டாங்க புள்ள. நீதான் ரயில்ல வேல செய்யிற" என்றார் அம்மா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "அதோட நாங்க ஒன்னும் நல்லதுல கை வைக்கல. ஓரமா வழிஞ்சு கெடந்ததத்தான் எடுத்தோம். மேல இருந்தா தொடுவமா? சக்கரம் மேலதானே ஓடுது."

பக்கவாட்டில் பூசுவதுதான் முறை, அங்கேதான் விளிம்பு உரசுகிறது என்று விளக்குகிற நிலையிலா நான் இருந்தேன்? நாளைக் காலையில் என்ஜினியர் அந்த ரயிலிலேயே வருகிறார், அந்த வளைவில் சத்தம் கேட்டால் சோதனை தோற்றது, என் வேலையும் போனது, கங்காணிக்கு இன்றைக்கே சொல்லி அனுப்பு, ஒரு கூடை தயாராக வைக்கட்டும் என்று கத்தினேன். அம்மாவின் முகம் செத்துப்போனது. கூடை என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் எடுத்தேன். இரவு நான் தனிப்பாயை விரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் நான் விடியுமுன்பே ஹட்டனுக்குப் போய், என்ஜினியரோடும் போர்மனோடும் டிரைவர் பெட்டியில் ஏறினேன். என்ஜினியர் அதிகம் பேசாதவர். மடிப்புக் கலையாத காற்சட்டை, பளபளக்கும் சப்பாத்து, வெள்ளைக் காலுறை. மலைநாட்டுத் தூறலில் வெள்ளைக் காலுறை போட்டு வருகிற மனிதரிடமா என் தலையெழுத்து இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வளைவு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கிறீச்சொலி வரவில்லை. கண்ணைத் திறந்தால் போர்மன் மாத்தயா புது மாப்பிள்ளை போல் சிரித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த இடத்தில் கிரீஸே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம் என்ஜினின் குரல் மாறியது. உறுமல் கூடியது, ஓட்டம் குறைந்தது. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வெறி பிடித்துச் சுழன்றன. டிரைவர் மணல் நெம்பைத் தட்டினார், வழுக்கும்போது தண்டவாளத்தில் விழ வேண்டிய மணல் ஈரத்தில் இறுகி விழ மறுத்தது. ரயில் முழுவதும் ஒரு தடவை பெருமூச்சு விட்டு, கொஞ்சம் பின்வாங்கி, பிரேக்கில் நின்றது.

இறங்கிப் பார்த்தோம். தண்டவாளத்தின் உச்சியில், சக்கரம் ஓடுகிற நடுமுகத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் தேங்காய் எண்ணெய் பளபளத்தது. கோயில் விளக்குக்கென்று வாங்கி வைத்த எண்ணெய் என்பது வாடையிலேயே தெரிந்தது. போதாதற்கு அங்கங்கே மஞ்சள், குங்குமப் பொட்டு. லொறிக்குப் பூஜை போடும்போது சக்கரத்தடியில் வைப்பதுபோல் வெட்டிய எலுமிச்சம்பழங்கள், இப்போது சப்பளிந்து கிடந்தன. மேலே தேயிலைக்குள் எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோரும் கூடையோடு நின்று, தங்கள் கைவேலையைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அம்மா.

போர்மன் என்னைப் பார்த்தார். மலைநாட்டில் இத்தனை வருடம் இருந்தவருக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பூஜை நன்றாகத்தான் நடந்திருக்கிறது, சாமிதான் பின்னால் வந்து தள்ள மறந்துவிட்டார் என்று சிங்களத்தில் முணுமுணுத்தார். சக்கரத்துக்கு ஓரத்தில் வழுக்க வேண்டும், மேலே வழுக்கக் கூடாது என்பதை நான் கீழே இருந்தே கத்திச் சொன்னேன். அம்மா கூடையை இறக்கிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லயத்தை நோக்கி ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

மற்றப் பெண்களும் அவர் பின்னால் ஓடினார்கள். திரும்பி வந்தபோது ஒவ்வொருவர் கையிலும் அடுப்புச் சாம்பல் நிறைந்த வாளியும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் இருந்தன. எண்ணெய்ச் சட்டியைத் தேய்க்கிறவர்களுக்குத் தண்டவாளம் எம்மாத்திரம்? வரிசையாகக் குந்தி, சாம்பலைப் போட்டு அரக்கித் தேய்த்தார்கள். மாமியார் வீட்டுச் சட்டிகூட அந்தத் தேய்ப்பைக் கண்டிருக்காது. பயணிகள் ஜன்னல் வழியாகப் போனில் படம் பிடித்தார்கள். பின் பெட்டியிலிருந்து இறங்கி வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இதை ஏதோ சடங்கென்று நினைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் அவளைத் திருத்தப் போகவில்லை.

என்ஜினியர் பாதையோரப் புல்லில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என் வேலை போய்விட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அப்போது அவர் திடீரென்று ஒரு காலைத் தூக்கி உதறினார். வெள்ளைக் காலுறையில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு அந்த நேரத்தில் புத்தி என்ன ஆயிற்றோ தெரியவில்லை. அடிபட்ட பிள்ளையிடம் ஓடுவதுபோல் ஓடிப்போய், "கூடெல்லா, மாத்தயா, கூடெல்லா" என்று அட்டையின் சிங்களப் பெயரைச் சொல்லிக்கொண்டே அவர் காலுறையை இறக்கி, அதை நகத்தால் தள்ளி எறிந்தார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்குக்குள் கையை விட்டு, மாவு டின்னை எடுத்து, ஒரு விரல் கிரீஸை அவர் கணுக்காலைச் சுற்றித் தாராளமாகப் பூசிவிட்டார்.

தேய்ப்புச் சத்தம் நின்றது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வானத்தில் எதையோ பார்த்தார்கள். என்ஜினியர் விரலால் தொட்டு மோந்தார். டின்னைப் பார்த்தார், போர்மனைப் பார்த்தார். அந்தக் கிரீஸ் எந்தக் கடையிலும் கிடைக்காது என்பது அந்த இடத்தில் எங்கள் மூவருக்கும் தெரியும். எங்கே கிடைத்தது என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

அம்மாவின் சிங்களம் கடைத்தெருவில் கருவாடு வாங்க மட்டும் போதும். அவர் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு புள்ள, நாங்கதான் எடுத்தோம்னு சொல்லு. எம்மகளுக்குத் தெரியாதுன்னு சொல்லு. கால் பொழைக்கட்டும்னு எடுத்தோம், அது புள்ள பொழப்புல கைய வைக்கும்னு தெரியல."

என்னைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையை என் வாயாலேயே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. சிங்கள இலக்கணம் காலை வாரியது. எப்படியோ சொல்லி முடித்தேன். இது இல்லாத காலத்தில் காலுக்கு என்ன போட்டீர்கள் என்று என்ஜினியர் கேட்டார். அதையும் அம்மாவிடம் கேட்டேன்.

"என்னாத்த போட" என்றார் அம்மா. "ரத்தம் வாறப்ப வரும், நிக்கிறப்ப நிக்கும்."

அதையும் சொன்னேன். என்ஜினியர் குனிந்து தன் கால்களையே கவனித்தார். கிரீஸ் பூசிய காலை நோக்கி வந்த அட்டை ஒன்று, தலையைத் தூக்கித் துழாவிவிட்டுத் திரும்பிப்போனது. மற்றக் காலில் இரண்டு ஏறிக்கொண்டிருந்தன. நல்ல என்ஜினியர், சோதனை என்றால் முடிவு தெரியும் வரை அசையாமல் நின்றார். பிறகு மற்றக் காலையும் அம்மாவிடம் நீட்டினார். தேயிலைக்குள்ளிருந்து எழுந்த சிரிப்பு முந்தானைக்குள் அடங்கவில்லை.

சாம்பல் பிடி கொடுத்தது, என்ஜின் ஏறிவிட்டது. கொட்டகலை ஸ்டேஷனில் என்ஜினியர் தன் கண் முன்னாலேயே சக்கரங்களை அளக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக அளந்தேன். அத்தனை களவுக்குப் பிறகும், போன மழைக்காலத்தைவிட விளிம்புகள் நன்றாகவே நின்றிருந்தன. மற்ற வளைவுகள் எங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டன. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஆமாம் என்ற ஆட்டமா இல்லை என்ற ஆட்டமா என்று நானும் போர்மனும் அன்று முழுக்க விவாதித்தோம்.

செய்தி மழைக்காலம் முடிகிற சமயத்தில் போர்மனின் போனுக்கு வந்தது. பேசி முடித்துவிட்டு அவர் ஷெட் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். கிரீஸ் தொடரும். நான் நிரந்தரம். கொட்டகலைக்குக் கீழேயுள்ள அந்த ஒரு வளைவில் மட்டும் மழை கடுமையாக இருப்பதால் கிரீஸ் அதிகம் கரைகிறது, ஆகவே அந்த இடத்துக்கு இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பக்கத்து வளைவில் அதே மழைதானே பெய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். அம்மா பீலிக்கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஈரக் கையோடு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். கங்காணி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பீலிக்கரைக்கே கேட்கும்படி சொன்னார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பிறகு, என் வேலையைப் பற்றி முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப இனிமே சக்கரம் தேயாதா?"

"தேயும்மா. மெதுவா தேயும்."

"தேஞ்சு முடிஞ்சா?"

"கழட்டிட்டு புதுசு போடுவோம்."

அம்மா தன் கால்களைப் பார்த்தார். கெண்டைக்கால் முழுக்கப் பழைய அட்டைக்கடித் தழும்புகள், வெடித்த குதிகால், மழை நாளில் மடங்க மறுக்கிற முழங்கால். இவ்வளவு காலமும் அளவுகோலோடு திரிந்த நான் அவற்றை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

"குடுத்துவச்ச சக்கரம்" என்று சொல்லிவிட்டு, அம்மா மறுபடி கழுவத் தொடங்கினார்.

எனக்கு அழுகை வந்தது. வாளியை எடுத்து அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.